சிறுவர் இல்லத்துக்கு அரச காசு: மானியமா, விலைமனுவா, உடன்படிக்கையா?

மாதக் கடைசி நாளில் எங்கள் இல்லத்து அலுவலக மேசையில் ஒரு நீளப் பதிவேடு விரியும். இடப்பக்கம் பிள்ளைகளின் பெயர்கள், மேலே தேதிகள். இல்லத்தில் தங்கிய நாளுக்கு ஒரு சரிக்குறி. வீட்டுக்குப் போயிருந்த நாளுக்கு ‘வீ’ என்று ஓர் எழுத்து. அதைப் பொறுப்பாளர் அக்கா சிவப்புப் பேனையால் எழுதுவார். சரிக்குறிகளை எண்ணித்தான் அந்த மாதக் கணக்கு தொடங்கும்.

கடந்த தைப்பொங்கலுக்குச் சகோதரிகள் இரண்டு பேர் அம்மம்மா வீட்டுக்குப் போய் வந்தார்கள். ஒரு கிழமை கழித்து அம்மம்மா பஸ் ஏறி இல்லத்துக்கே வந்துவிட்டார். வேப்பமரத்தடி வாங்கில் இருந்து, தண்ணீர் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “பிள்ளையளை வைச்சிருக்க எனக்கு ஆசைதான் தம்பி. பள்ளிக்கூடச் செலவுக்குத்தான் வழியில்லை.” அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தில் இதை நான் எடுத்தேன். எங்கள் பொருளாளர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பிள்ளை குறைஞ்சால் மாதக் கணக்கு இடிக்குமே” என்றார்.

அவர் ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர். பதினொரு வருடமாகச் சம்பளம் இல்லாமல் எங்கள் கணக்கைப் பார்ப்பவர். பிள்ளைகள்மேல் அவருக்கு இருக்கும் அக்கறையில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. அப்படிப்பட்ட மனிதரையே இந்த வசனத்தைச் சொல்ல வைத்தது, எங்களுக்குக் காசு வரும் முறை. அரசின் மானியமும் தலைக்கு இவ்வளவு. வெளிநாட்டு அன்பர்கள் அனுப்புவதும் ஒரு பிள்ளைக்கு மாதம் இவ்வளவு. பிள்ளை வீடு போனால் காசும் போகும்.

அன்றிலிருந்து இந்த விடயத்தை நான் விடவில்லை. அடுத்த ஆண்டு வரவுசெலவுக்கு முன், அரசிடமிருந்து எந்த முறையில் காசு வாங்குவது என்று எங்கள் சபை முடிவெடுக்க வேண்டும். தேடிப் படித்ததையும், அனுபவத்தில் கண்டதையும் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் மற்ற இல்லங்களின் நிர்வாகிகளுக்கும், தூர இருந்து கைகொடுக்கும் உறவுகளுக்கும் இது உதவ வேண்டும் என்பது என் ஆசை.

முதலில், யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்வோம். 1987 இல் இலங்கை அரசியலமைப்புக்கு வந்த 13 ஆவது திருத்தத்தோடு நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் மாகாண சபைகளின் பட்டியலில் சேர்ந்தன. ஆகவே யாழ்ப்பாணத்தில் ஓர் இல்லம் பதிவுக்குப் போகும் இடம் வடக்கு மாகாண நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம். பதிவின் அடிப்படை 1941 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை தொடர்பாக நீதிமன்றம் கட்டளை கொடுப்பது 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க சிறுவர், இளையோர் கட்டளைச் சட்டத்தின் கீழ். துஷ்பிரயோக முறைப்பாடு என்றால் 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை. 1929 என்ற அதன் முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கம் எங்கள் சமையலறைச் சுவரிலும் ஒட்டியிருக்கிறது. இவையெல்லாம் இல்லம் எப்படி நடக்க வேண்டும் என்று பேசுகின்றன. அரசின் காசு கைமாறும் விதத்தைப் பேசுவது நிதிப் பிரமாணங்களும், அரசு பொருளையும் சேவையையும் வாங்கும் முறையைச் சொல்லும் பெறுகை வழிகாட்டல்களும். இல்லம் நடத்தும் எங்களில் பலர் இந்த இரண்டாவது பக்கத்தைத் திறந்தே பார்த்ததில்லை.

தலைக்கு இவ்வளவு

இப்போது இருக்கும் முறை இதுதான். பதிவுபெற்ற தொண்டர் இல்லத்துக்கு, இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி மாதாந்த மானியம். ஒரு பிள்ளையின் உண்மையான செலவில் அது சிறு பங்குதான். என்றாலும் அதை நான் குறைத்து மதிக்க மாட்டேன். அந்த மானியத்தோடு நன்னடத்தை உத்தியோகத்தரின் வருகை இருக்கிறது, பதிவேட்டுப் பரிசோதனை இருக்கிறது, பிள்ளையின் கோப்பை மீள்பார்வை செய்யும் ஒரு வெளிக்கண் இருக்கிறது. விலைமனு, பிணை என்ற அலைச்சல் ஒன்றும் இல்லை.

குறை, எண்ணும் அலகில் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது பிள்ளைகள் உள்ள இல்லத்தின் மாதச் செலவு 6 இலட்சம் என்று வைப்போம். அதில் 4 இலட்சம் பராமரிப்பாளர் சம்பளம், மின்சாரம், கட்டடத் திருத்தம் போன்ற நிலையான செலவு. பிள்ளைகளோடு ஏறி இறங்கும் செலவு, அதாவது சாப்பாடு, உடுப்பு, கொப்பி, 2 இலட்சம். முழுச் செலவும் தலைக்கு 30,000 வீதம் வருகிறது என்றால், இரண்டு பிள்ளைகள் வீடு போனதும் வரவில் 60,000 குறையும். செலவில் குறைவது 20,000 மட்டும். மிச்ச 40,000 ஐ யார் போடுவது? ஒரு பிள்ளையைக் குடும்பத்தோடு சேர்த்துவைத்த இல்லம் அதற்குத் தண்டம் கட்டுகிறது. பிள்ளையை வைத்துக்கொண்ட இல்லத்துக்குக் கணக்கு சரியாக வருகிறது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. 2009 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்களின் 108 ஆவது பந்தி, தேவையில்லாமல் பிள்ளையை நிறுவனத்தில் சேர்க்கவோ நீண்ட காலம் வைத்திருக்கவோ தூண்டுகிற மாதிரி நிதி கொடுக்கும் முறை ஒருபோதும் இருக்கக்கூடாது என்கிறது. அதே ஆவணத்தின் 15 ஆவது பந்தி, வறுமையை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக்கூடாது என்கிறது. வேப்பமரத்தடியில் அம்மம்மா சொன்னதை இந்த இரண்டு பந்திகளோடும் சேர்த்து வாசித்துப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இன்னொரு பழைய உதாரணமும் தெரியும். மிஷன் பள்ளிக்கூடங்களும் பின்னர் சைவப் பள்ளிக்கூடங்களும் வளர்ந்தது அரசின் உதவி நன்கொடையில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த நன்கொடை பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேற்றை எண்ணிக் கொடுக்கப்பட்டது. பரிசோதகர் வரும் நாளை நோக்கியே படிப்பு ஓடியது. பிறகு முறை மாறி, அரசு ஆசிரியர் சம்பளத்தைக் கொடுக்க முகாமையாளர்கள் பள்ளிக்கூடத்தை நடத்தினார்கள். 1960 இன் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 இன் 8 ஆம் இலக்கச் சட்டமும் வந்தபோது, சம்பளம் கொடுத்த கையே பள்ளிக்கூடத்தையும் எடுத்துக்கொண்டது. கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலையாக நிற்போம் என்று முடிவெடுத்த சில கல்லூரிகள் மட்டும் வெளியே நின்றன. அரச காசு என்றதும் எங்கள் சபையின் மூத்தவர்கள் முகத்தில் ஒரு தயக்கம் வருவதற்கு இந்த நினைவும் ஒரு காரணம். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். அதனால்தான் எழுதப்படும் நிபந்தனைகளை இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கச் சொல்கிறேன்.

விலைமனு

இரண்டாவது வழி, அரசு சேவையை விலைக்கு வாங்குவது. “இருபது பிள்ளைகளுக்கு ஓர் ஆண்டு பராமரிப்பு” என்று கேட்டு, நிறுவனங்கள் விலை போட்டு, தெரிவானவரோடு ஒப்பந்தம் எழுதுவது. இதைச் சொல்லும்போது எங்கள் சபையில் இளையவர் ஒருவர், “அண்ணா, அப்படியென்றால் முழுச் செலவும் கேட்கலாமே” என்றார். உண்மைதான். ஒப்பந்தத்தின் பெரிய நன்மை அதுதான். மானியம் தருபவர் பெருமனதோடு தருகிறார். ஒப்பந்தத்தில் வருவது எங்களுக்குச் சேர வேண்டிய காசு. எத்தனை பிள்ளைக்கு எத்தனை பராமரிப்பாளர், இரவுக் கடமையில் யார், முறைப்பாடு வந்தால் எத்தனை நாளில் பதில் என்று இரண்டு பக்கமும் கையெழுத்து வைக்கும். பிள்ளைக்குச் சேர வேண்டியது கடதாசியில் நிற்கும்.

ஆனால் எங்கள் நாட்டின் பெறுகை முறை எதற்காக உருவானது என்பதையும் பார்க்க வேண்டும். 2006 ஆம் ஆண்டின் வழிகாட்டல்கள் பொருள், கட்டுமானம், சேவை என்ற மூன்றையும் ஒரே சட்டகத்தில் வைத்தன. தேசிய போட்டி விலைமனு என்றால் குறைந்தது 21 நாள் அவகாசம், விலைமனுப் பிணை, தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு, பெறுகைக் குழு. கடைசியில், நிபந்தனைகளுக்குப் பொருந்தி வருபவர்களில் மதிப்பிடப்பட்ட ஆகக் குறைந்த விலைக்காரருக்கு ஒப்பந்தம். பெறுகை ஆணைக்குழு 2015 இன் 19 ஆவது திருத்தத்தோடு வந்து, 2020 இல் 20 ஆவது திருத்தத்தோடு போய், 2022 இல் 21 ஆவது திருத்தத்தோடு திரும்பி வந்தது. அது வெளியிட்ட புதிய வழிகாட்டல்கள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. 50 இலட்சத்துக்கு மேற்பட்ட அரச ஒப்பந்தம் என்றால் 1987 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க பகிரங்க ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவும் வேண்டும். முழுநேர எழுதுவினைஞர் ஒருவர்கூட இல்லாத இல்லத்துக்கு இது சின்ன வேலை இல்லை.

வேலைப் பாரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னைத் தடுப்பது வேறு விடயம். அரிசிக்கும் பருப்புக்கும் விலைமனு கோரும்போது தரம் எழுத முடியும்: ஈரப்பதன் இவ்வளவு, கல் கலப்பு இவ்வளவு. அடுத்த வருடம் வேறு கடைக்காரர் குறைந்த விலை போட்டால் லொறி மாறும், சோறு மாறாது. இல்லத்துக்கான ஒப்பந்தத்தில் வென்றவர் மாறினால் என்ன நடக்கும்? சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும் ஒரு பிள்ளை பெட்டியைக் கட்டிக்கொண்டு வானில் ஏற வேண்டும். பள்ளிக்கூடம் மாறும், நண்பர்கள் மாறுவார்கள், இரவில் எழும்பி அழுதால் பக்கத்தில் வந்து இருக்கும் அக்கா மாறுவார். வருடாந்த விலைப் போட்டியில் ஒரு பிள்ளையின் படுக்கையை வைப்பதற்கு நான் கைதூக்க மாட்டேன்.

விலையைக் குறைப்பது எங்கே நடக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. மின்கட்டணத்தைக் குறைக்க முடியாது. சாப்பாட்டை ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. குறைவது பராமரிப்பாளரின் சம்பளம். சம்பளம் குறைந்தால் ஆள் நிற்காது. ஆள் மாறிக்கொண்டே இருந்தால், ஏற்கெனவே ஒருமுறை விட்டுப்போகப்பட்ட பிள்ளை மறுபடியும் மறுபடியும் விட்டுப்போகப்படுகிறது.

காசு தாமதம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் பொது நிதியில் ஒரு சிறு பயிற்சித் திட்டத்தை எங்கள் இல்லம் செய்து கொடுத்தது. வேலையை முடித்து வவுச்சர் கொடுத்தோம். காசு வர எட்டு மாதம் ஆனது. இடையில் தையல் ஆசிரியைக்குச் சம்பளம் கொடுக்கப் பொருளாளர் தன் சேமிப்பிலிருந்து எடுத்தார். உடன்படிக்கையைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். எத்தனை நாளில் காசு தர வேண்டும் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. நாங்களும் அதைக் கேட்காமலே கையெழுத்து வைத்திருந்தோம்.

வெளியூர்களில் நடந்தது

சிறுவர் பராமரிப்பை ஒப்பந்தத்துக்கு விட்ட நாடுகளில் என்ன நடந்தது என்று பார்த்தபோதுதான், மானியமா ஒப்பந்தமா என்ற கேள்வியைவிட எதை எண்ணிக் காசு கொடுக்கிறார்கள் என்ற கேள்வி பெரியது என்று விளங்கியது.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலம் 1996 இல் வளர்ப்புப் பராமரிப்பை, அதாவது பிள்ளைகளை வேறு குடும்பங்களில் வைத்துப் பார்க்கும் வேலையை, தனியார் நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் விடத் தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஒரு மொத்தத் தொகை என்பது முதல் ஏற்பாடு. பிள்ளை நிரந்தர வீடு சேர எவ்வளவு காலம் எடுத்தாலும் அந்தத் தொகைக்குள் பார்க்க வேண்டும். சீக்கிரம் வீடு சேர்ப்பார்கள் என்ற நல்ல எண்ணம்தான் அதன் பின்னால் இருந்தது. நடந்தது, பிள்ளைகளின் தேவைகள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருக்க, நிறுவனங்கள் நட்டத்தில் விழுந்தன. 2000 அளவில் மாநிலம் மாதத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்ற முறைக்குத் திரும்பியது. முழு ஆபத்தையும் சின்ன நிறுவனத்தின் தலையில் கட்டினால், அது தாங்காது.

இலினோய் மாநிலம் வேறு விதமாகச் செய்தது. 1997 இல் சிக்காகோ அடங்கிய குக் கவுண்டியில் தொடங்கிய ஒப்பந்த முறையில், ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு இத்தனை புதிய பிள்ளைகளை ஏற்க வேண்டும், அதே அளவு பிள்ளைகளை நிரந்தரக் குடும்பத்துக்குச் சேர்க்கவும் வேண்டும். கூடுதலாகச் சேர்த்தால், அதே காசில் குறைந்த பிள்ளைகளை நன்றாகப் பார்க்கலாம். சேர்க்காவிட்டால், அதே காசில் கூடுதல் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். தலைக்கணக்கு முறையின் தூண்டுதலை அப்படியே தலைகீழாக்கிய ஏற்பாடு. அந்தக் காலத்திலேயே, பிள்ளையைப் பொறுப்பெடுக்கும் தாத்தா பாட்டிமாருக்கும் உறவினருக்கும் பாதுகாவலர் உதவிப்பணமும் கொடுக்கத் தொடங்கினார்கள். 1997 இல் 51,000 அளவில் இருந்த வளர்ப்புப் பராமரிப்புப் பிள்ளைகளின் தொகை, பத்து ஆண்டுக்குள் 20,000 க்கும் கீழே வந்தது. இந்த இறக்கத்தில் ஒப்பந்தத்துக்கு எவ்வளவு பங்கு, உதவிப்பணத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்ப்பது கடினம். எனக்கு அந்த உதவிப்பணத்தில்தான் கண் நிற்கிறது. எங்கள் அம்மம்மா கேட்டதும் அதைத்தான்.

இங்கிலாந்தில் உள்ளூராட்சி சபைகள் தனியார் இல்லங்களில் இடம் இடமாக வாங்குகின்றன. அங்கே போட்டி மற்றும் சந்தைகள் அதிகார சபை 2022 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, தேவைப்படும் இடத்தில் தேவைப்படும் மாதிரி இல்லங்கள் கிடைக்கவில்லை என்றும், பெரிய நிறுவனங்களின் விலையும் இலாபமும் ஒழுங்காக நடக்கும் சந்தையில் எதிர்பார்க்கக்கூடியதைவிடக் கூடுதல் என்றும் சொன்னது. போட்டி வந்தால் விலை தானாகக் குறையும் என்ற நம்பிக்கைக்கு இது பதில். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு பிள்ளையை எங்கேயாவது சேர்க்க வேண்டும் என்று நிற்கும் அதிகாரியால் பேரம் பேச முடியாது.

அரச காசே வேண்டாம் என்றால்

இது எங்கள் சபையில் பலருக்குப் பிடித்த வழி. கனடா, லண்டன், சுவிஸ், அவுஸ்திரேலியா என்று எங்கள் ஊர்ச் சனம் பரந்திருக்கிறது. கை நீட்டினால் கொடுக்காமல் விட்டதில்லை. போர் முடிந்த 2009 க்குப் பிறகு இங்கே பல இல்லங்கள் மூச்சுவிட்டதே அந்த உதவியால்தான். நன்றியோடு இதை எழுதுகிறேன்.

ஆனாலும் இதிலும் ஓர் எண்ணும் அலகு இருக்கிறது. பெரும்பாலும் பிறந்தநாளுக்கும் நினைவு நாளுக்கும் விசேட சாப்பாடு. நீளமான மேசை, வாழையிலை, சோறு, கோழிக்கறி, வடை, பாயாசம். அனுப்பியவரின் உறவினர் ஒருவர் கைபேசியோடு வருவார். பிள்ளைகளை இலைக்கு முன்னால் இருக்க வைத்துப் படம் எடுப்பார். சில மாதங்களில் ஞாயிறு எல்லாம் விருந்து. அதே மாதம் பராமரிப்பாளர் சம்பளத்துக்கும் ஆற்றுப்படுத்துநரின் (உளவள ஆலோசகரின்) கொடுப்பனவுக்கும் ஆள் தேடி அலைவோம். ஒருமுறை பதினாலு வயதுப் பிள்ளை ஒருத்தி படம் எடுக்கும்போது கோப்பையால் முகத்தை மறைத்தாள். வகுப்பில் யாரோ அந்த மாதிரி ஒரு படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்கள். அன்றோடு இல்லத்துக்குள் படம் எடுப்பதை நிறுத்தினோம். இரண்டு அன்பர்கள் கோபித்து உதவியை நிறுத்தினார்கள், மற்றவர்கள் விளங்கிக்கொண்டார்கள். பிள்ளையின் தகவலைப் பாதுகாப்பது 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த நாட்டில் எங்கள் கடமையும்கூட.

அரச காசு வாங்காவிட்டாலும் பதிவும் மேற்பார்வையும் போய்விடப் போவதில்லை, போகவும் கூடாது. யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத இல்லம் பிள்ளைக்குப் பாதுகாப்பான இடம் இல்லை. அதனால் “தனியாக நிற்போம்” என்பது காசு விடயத்தில் மட்டும் சரிவரக்கூடிய வசனம்.

நான் கைதூக்கப்போவது

நாலாவது வழி ஒன்று இருக்கிறது. படுக்கைக்கு விலை போடாமல், வேலைக்கு உடன்படிக்கை எழுதுவது. சிறிய மானியம் இருக்கிறபடி இருக்கட்டும். அதோடு வரும் மேற்பார்வையும் இருக்கட்டும். அதற்கு மேல், குடும்பத்தோடு மீளச் சேர்க்கும் வேலைக்கு மட்டும் மூன்று ஆண்டு உடன்படிக்கை ஒன்றை நாங்களே வரைந்து திணைக்களத்துக்குக் கொடுக்கலாம். இதற்கு வழி அடைபட்டிருக்கவில்லை: 2006 வழிகாட்டல்களே போட்டியில்லாத நேரடி ஒப்பந்தத்துக்கும் சமுதாய அமைப்புகளின் பங்கேற்புக்கும் தனி இடம் வைத்திருந்தன. ஆலோசகர் சேவைகளுக்கான 2007 வழிகாட்டல்களில் தரத்துக்கும் விலைக்கும் சேர்த்துப் புள்ளி போடும் முறையும் இருந்தது. எந்த முறையில் எழுதுவது என்பதைப் புதிய வழிகாட்டல்களை வைத்து அதிகாரிகளோடு இருந்து பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும்.

காசு எதை எண்ணி வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு சமூகப் பணியாளர், ஒரு பகுதிநேர ஆற்றுப்படுத்துநர், இவர்களின் சம்பளமும் பயணச் செலவும் நிலையான தொகையாகக் காலாண்டுக்கு ஒருமுறை முற்பணமாக வர வேண்டும். இல்லத்தில் பதினெட்டுப் பிள்ளை இருந்தாலும் இருபத்திரண்டு இருந்தாலும் அது மாறக்கூடாது. வீடு போன பிள்ளையின் குடும்பத்துக்கு ஒரு தொகை நேரடியாகப் போக வேண்டும். எங்கள் கையால் போகத் தேவையில்லை, பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் ஊடாகப் போகலாம். வீடு சேர்த்த எண்ணிக்கைக்குப் பரிசு கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால், ஆயத்தமில்லாத வீட்டுக்குப் பிள்ளையை அவசரப்படுத்தி அனுப்பும் நாள் வரும். அதற்குப் பதில், பிள்ளை போன பின் ஆறு மாதம் மாதமொருமுறை போய்ப் பார்த்த அறிக்கையைக் கேட்கட்டும்.

விலைச் சீராக்கம் கட்டாயம் எழுதப்பட வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அந்த மாதங்களில் எங்கள் இல்லத்தில் கிழமைக்கு மூன்று நாள் இருந்த மீன் ஒரு நாளானது. அதுவும் சூடையும் சாளையும்தான். தெருப் போடும் ஒப்பந்தத்துக்குச் சீமெந்து விலை ஏறினால் சரிசெய்யச் சூத்திரம் இருக்கிறது. பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் பஸ் காசுக்கும் அதே நியாயம் வேண்டும்.

சமய விடயத்தையும் எழுத்தில் வைக்க வேண்டும். எங்களுடையது சைவர்கள் தொடங்கிய இல்லம். பிள்ளைகளில் சிலர் கிறிஸ்தவர்கள். வெள்ளிக்கிழமை பஜனையில் எல்லோரும் இருக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஞாயிறு பூசைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஒரு அக்கா இருக்கிறார். ஆனால் இது இன்றைய நிர்வாகத்தின் நல்ல பழக்கம் மட்டும். சிறுவர் உரிமைச் சமவாயத்தில் இலங்கை 1991 இல் சேர்ந்தது. அதன் 20 ஆவது உறுப்புரை, மாற்றுப் பராமரிப்பில் பிள்ளையின் இன, சமய, பண்பாட்டு, மொழிப் பின்னணிக்கு உரிய மதிப்புக் கொடுக்கச் சொல்கிறது. அது எங்கள் உடன்படிக்கையில் ஒரு வாசகமாக வர வேண்டும்.

வாசகத்தை எழுதும் விதத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதற்குப் பிலடெல்பியா வழக்கு ஒன்றே போதும். ஒரே பாலினத் தம்பதியரை வளர்ப்புப் பெற்றோராகச் சான்றளிக்க மாட்டோம் என்று ஒரு கத்தோலிக்க அமைப்பு சொன்னதும், 2018 இல் நகர நிர்வாகம் அதற்குப் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தியது. வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம்வரை போனது. 2021 ஜூன் 17 அன்று ஒன்பது நீதியரசர்களும் அமைப்பின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். திருப்புமுனையானது ஒப்பந்தத்தின் ஒரு வரி: பாகுபாடு கூடாது என்று சொன்ன அதே வாசகம், ஆணையாளர் தன் தற்றுணிபில், அதாவது தான் சரியென நினைத்தபடி, விதிவிலக்கு அளிக்கலாம் என்றும் சொல்லியிருந்தது. மற்றவருக்குக் கொடுக்கக்கூடிய விதிவிலக்கை, சமயக் காரணம் சொல்பவருக்கு மட்டும் மறுப்பதற்கு நகரத்தால் போதிய காரணம் காட்ட முடியவில்லை. எந்தப் பக்கம் நின்று அந்த வழக்கைப் பார்த்தாலும், “ஆணையாளரின் தற்றுணிபின்படி” என்ற சொற்கள் எங்கள் வரைவில் எங்கே வருகின்றன என்று சிவப்புப் பேனையால் கோடிட்டுப் பார்ப்பது நல்லது.

நாங்கள் விலகினால் என்ன செய்வது என்பதும் இருக்க வேண்டும். இல்லம் மூடப்பட்டாலோ உடன்படிக்கை முறிந்தாலோ, குறைந்தது மூன்று மாத அறிவித்தல். ஒவ்வொரு பிள்ளையும் எங்கே போகிறது என்பதை நன்னடத்தை உத்தியோகத்தரும் நீதிமன்றமும் அறிந்தபின்தான் கைமாற்றம். பரீட்சை ஆண்டில் இருக்கும் பிள்ளை அந்தப் பரீட்சை முடியும்வரை அசையாது. இதை எழுதச் சொன்னபோது சபையில் ஒருவர், “இப்பவே ஏன் பிரிவைப் பற்றிக் கதைக்கிறியள்” என்றார். கூட்டிலிருந்து விழும் குஞ்சைப் பற்றி மரத்தில் இருக்கும்போதே யோசிக்கத்தான் வேண்டும்.

இன்னும் ஒன்று. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசாலோ வெளிநாட்டு அரசாலோ கணிசமாக நிதியளிக்கப்பட்டு மக்களுக்குச் சேவை செய்யும் அரசசார்பற்ற நிறுவனங்களையும், அந்தச் சேவை தொடர்பான தகவலுக்குள், பகிரங்க அதிகார சபை என்று வரையறுக்கிறது. அரச காசு கூடினால் எங்கள் கணக்கை யாரும் கேட்கலாம். எங்கள் பொருளாளருக்கு இது சந்தோஷமான செய்தி. பதினொரு வருடக் கணக்கும் அலமாரியில் வருட வரிசையில் இருக்கிறது. ஒருவரும் வந்து கேட்கவில்லை என்பதுதான் அவருடைய கவலை.

வரும் ஞாயிறு கூட்டத்துக்கு வரைவு தயார். நேற்றுப் பொறுப்பாளர் அக்காவிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவர் இரவுக் கடமை முடித்து, காலையில் பென்சிலால் ஒரு வரி சேர்த்துத் திருப்பித் தந்தார்: வீடு போன பிள்ளையின் பெயரை ஆறு மாதம் பதிவேட்டில் இருந்து வெட்டக் கூடாது, அவளுடைய பெட்டியும் கட்டிலும் அப்படியே இருக்க வேண்டும், விரும்பினால் ஒரு சனிக்கிழமை வந்து தங்கிப் போக பஸ் காசு கொடுக்க வேண்டும். அந்த வரியை ஏழாவது பந்தியாகச் சேர்த்திருக்கிறேன். பஸ் காசுக்கு எவ்வளவு போடுவது என்று பொருளாளர் கேட்டிருக்கிறார்.